உலாவியின் பூட்டு எதைக் காக்கிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இணைய உலாவியைப் பற்றியவை. கேட்டவர்களின் வயதும் தொழிலும் வேறுபட்டிருந்தாலும், பாதுகாப்பும் அந்தரங்கமும் ஒன்றே என்று கருதும் குழப்பம் ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் இருந்தது. அழையாதவர் உள்ளே நுழையாமல் தடுப்பது பாதுகாப்பு. நாமே உள்ளே அழைத்தவர் எதைப் பார்க்கலாம், பார்த்ததை யாரிடம் சொல்லலாம் என்று வரம்பு வைப்பது அந்தரங்கம். முன்னது இல்லாமல் பின்னது நிற்காது. ஆனால் முன்னது இருப்பதனாலேயே பின்னதும் இருப்பதாகக் கொள்ள முடியாது. பலர் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, ஏழு கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: முகவரிக்கு அருகில் பூட்டுச் சின்னம் இருந்தால் அந்தத் தளத்தை நம்பலாம் என்று என் மகன் சொல்லிக் கொடுத்தான். பூட்டு இருந்த ஒரு தளத்தில்தான் மூட்டுவலித் தைலத்தின் விலையைப் பார்த்தேன். அன்று முதல் செய்தி படிக்கப் போனாலும் சமையல் குறிப்புப் பார்க்கப் போனாலும் அதே தைலத்தின் விளம்பரம் வந்து நிற்கிறது. பூட்டிய பக்கத்தில் நான் பார்த்தது வெளியே எப்படித் தெரிந்தது?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, காரைக்குடி

பதில்: பூட்டு தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது, நீங்கள் அதனிடம் எதிர்பார்த்த வேலைதான் அதனுடையதன்று. உங்கள் கைப்பேசிக்கும் அந்தக் கடையின் சர்வருக்கும் இடையே செல்லும் தகவலை வழியில் எவரும் படிக்க முடியாது, மாற்ற முடியாது, மறுமுனையில் இருப்பது நீங்கள் தட்டச்சு செய்த முகவரிக்கு உரிய சர்வர்தான் என்ற மூன்று உறுதிகளை மட்டுமே அந்தச் சின்னம் தருகிறது. அந்த முகவரியை வைத்திருப்பவர் நேர்மையானவரா என்பதையோ, நீங்கள் பார்த்ததை அவர் யாருக்குச் சொல்கிறார் என்பதையோ அது சொல்வதில்லை.

அதற்காகப் பூட்டைச் சிறுமையாக எண்ண வேண்டாம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு பல பெரிய தளங்கள் கடவுச்சொல் கேட்கும் பக்கத்தை மட்டும் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்துவிட்டு, மற்றப் பக்கங்களைத் திறந்தபடி அனுப்பிக்கொண்டிருந்தன. 2010-ஆம் ஆண்டு எரிக் பட்லர் என்ற நிரலாளர் 'ஃபயர்ஷீப்' என்ற சிறு கருவியை வெளியிட்டு, ஒரே வைஃபையில் அமர்ந்திருக்கும் அடுத்த மேசைக்காரரின் சமூக வலைத்தளக் கணக்கில் யார் வேண்டுமானாலும் நுழைந்துவிட முடியும் என்று காட்டினார். குறியாக்கம் இணையமெங்கும் பரவியதற்கு அந்த அதிர்ச்சியும், 2015-இல் 'லெட்ஸ் என்கிரிப்ட்' அமைப்பு பூட்டுக்குத் தேவையான சான்றிதழை இலவசமாக வழங்கத் தொடங்கியதும் முக்கியமான காரணங்கள். இன்று பூட்டு இல்லாத தளத்தைப் பார்ப்பதே அரிது. மோசடித் தளங்களும் அதே பூட்டைப் போட்டுக்கொண்டுதான் வருகின்றன. பூட்டை நம்பகத்தன்மையின் முத்திரையாக மக்கள் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்காகவே 2023 செப்டம்பரில் குரோம் உலாவி அந்தச் சின்னத்தைக் கைவிட்டு, அமைப்புகளைக் குறிக்கும் வேறொரு சின்னத்தை அந்த இடத்தில் வைத்தது.

இனி உங்கள் தைலத்துக்கு வருவோம். நீங்கள் ஒரே பக்கமாகப் பார்ப்பது உண்மையில் பல இடங்களிலிருந்து வந்து சேரும் துண்டுகளின் தொகுப்பு. பொருளின் படமும் விலையும் கடைக்காரரின் சர்வரிலிருந்து வருகின்றன. விளம்பர நிறுவனத்தின் நிரல் ஒன்று, கடைக்காரரே அனுமதித்ததனால், அந்த நிறுவனத்தின் சர்வரிலிருந்து நேராக வருகிறது. அந்த இணைப்புக்கும் முறையான பூட்டு உண்டு. விளம்பர நிறுவனம் உங்கள் உலாவியில் 'குக்கீ' எனப்படும் சிறு அடையாளச் சீட்டு ஒன்றை வைத்துவிடுகிறது. அதே நிறுவனத்தின் நிரல் செய்தித் தளத்திலும் சமையல் தளத்திலும் இருப்பதால், அங்கே நீங்கள் போகும்போது உலாவி அந்தச் சீட்டைத் தானாகவே எடுத்து நீட்டுகிறது.

குக்கீயை 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவாக்கிய லூ மான்டுலிக்கு இப்படி ஒரு நோக்கம் இருக்கவில்லை. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனதும் வாடிக்கையாளரை மறந்துவிடும் இணையக் கடைக்கு, அவருடைய கூடையில் என்ன இருக்கிறது என்று நினைவூட்டுவதற்காகவே அது பிறந்தது. நீங்கள் போகாத தளம் ஒன்று உங்கள் உலாவியில் குக்கீ வைப்பதை இயல்பாகவே தடுக்க வேண்டும் என்று 1997-இல் வெளியான இணையத் தர ஆவணமே கூறியிருந்தும், உலாவிகளைத் தயாரித்த நிறுவனங்கள் அதைப் பின்பற்றவில்லை. கண்காணிப்பு விளம்பரத் தொழில் வளர்ந்தது அந்த ஒரு புறக்கணிப்பின் மேல்தான் என்பது என் கருத்து. இப்படி நீங்கள் போகாத தளங்கள் வைக்கும் மூன்றாம் தரப்புக் குக்கீகளை சஃபாரி 2020-இல் முழுமையாகத் தடுத்தது. ஃபயர்பாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனி ஜாடியில் வைப்பதுபோலப் பிரித்துவிடுகிறது. மூன்றாம் தரப்புக் குக்கீகளை இரண்டு ஆண்டுகளுக்குள் ஒழிப்பதாக 2020 தொடக்கத்தில் அறிவித்த குரோம், பலமுறை தள்ளிப்போட்டு 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. போட்டிச் சட்டக் கண்காணிப்பாளர்களின் ஆட்சேபங்களும் அதற்கு ஒரு காரணம். ஆயினும், விளம்பரத்தால் வாழும் நிறுவனமே உலாவியையும் தயாரிக்கும்போது, பாதுகாப்பில் காட்டும் வேகத்தை அந்தரங்கத்தில் காட்டுவது அதற்கு எளிதன்று.

இது தைலத்தோடு நிற்கும் விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகள் நூறின் இணையதளங்களை 2022-இல் 'தி மார்க்கப்' என்ற செய்தி நிறுவனம் ஆராய்ந்தபோது, அவற்றில் 33 தளங்கள், நோயாளி மருத்துவரைச் சந்திக்க நேரம் பதிவு செய்யும்போது அந்தத் தகவலை ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அந்தப் பக்கங்கள் எவற்றிலும் பூட்டுக்குக் குறைவில்லை. நீங்கள் குரோம் பயன்படுத்துவதாக இருந்தால், அமைப்புகளில் தனியுரிமைக்கும் பாதுகாப்புக்கும் உரிய பகுதிக்குச் சென்று மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுத்துவிடுங்கள். அரிதாகச் சில தளங்களில் உள்நுழைவது சிக்கலாகும். அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்கு அளித்துக்கொள்ளலாம்.

கேள்வி: பூட்டுக்குரிய சான்றிதழ்களை யார் கொடுக்கிறார்கள்? கொடுப்பவரே தவறு செய்தால் உலாவிக்குத் தெரியுமா?
– பொறியியல் மாணவர், திருச்சிராப்பள்ளி

பதில்: பாதுகாப்பும் அந்தரங்கமும் ஒரே கயிற்றில் தொங்குகின்ற இடத்தைத் தொட்டுக் கேட்டிருக்கிறீர்கள். உலகெங்கும் உள்ள சான்றளிக்கும் நிறுவனங்கள் சிலவற்றின் பட்டியல் உங்கள் உலாவியிலோ இயங்குதளத்திலோ முன்பே இருக்கிறது. அவற்றுள் எந்த ஒன்று கையெழுத்திட்டாலும் உலாவி அதை ஏற்றுக்கொள்ளும். ஆகவே அந்தச் சங்கிலியில் மிகவும் வலுவற்ற நிறுவனம் எவ்வளவு வலுவானதோ, அவ்வளவுதான் எல்லோருடைய பூட்டும்.

2011 கோடையில் நெதர்லாந்தைச் சேர்ந்த டிஜிநோட்டார் என்ற சான்றளிப்பு நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள், கூகுள் உட்படப் பல தளங்களின் பெயரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களைத் தயாரித்துக்கொண்டார்கள். கூகுளின் பெயரிலான போலிச் சான்றிதழ் ஈரானில் பயன்படுத்தப்பட்டது. ஏறத்தாழ மூன்று லட்சம் ஐபி முகவரிகளிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்கள்) வந்தவர்கள், பூட்டு பத்திரமாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே, தங்கள் மின்னஞ்சலை இடையில் நின்ற ஒருவருக்குத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆட்சிக்கு அஞ்சி வாழ்பவருக்கு அந்த மின்னஞ்சலில் இருந்தது விளம்பரத்துக்கு உதவும் தகவலன்று. அவருடைய உயிரும் உறவினர்களின் உயிரும் அதில் இருந்திருக்கலாம். கூகுள் தளங்களுக்குரிய சான்றிதழ்கள் எவை என்ற குறிப்பைக் குரோம் தனக்குள்ளேயே வைத்திருந்ததனால், ஈரானியப் பயனர் ஒருவருக்கு எச்சரிக்கை வந்தது. அவர் அதை வெளியே சொன்னதால்தான் விஷயம் உலகுக்குத் தெரிந்தது. அடுத்த சில வாரங்களில் டிஜிநோட்டார் திவாலானது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2014 ஜூலையில், தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் உரிமையற்ற சான்றிதழ்கள் வெளியாகியிருந்ததை கூகுள் கண்டறிந்தது. சான்றளிப்போரைக் கட்டுப்படுத்தும் இந்திய அலுவலகம் தளங்களுக்குச் சான்றிதழ் வழங்க அந்த மையம் பயன்படுத்திய இடைநிலைச் சான்றிதழ்களை மறுநாளே ரத்து செய்தது. மையத்தின் வழங்கல் முறைக்குள் ஊடுருவல் நடந்திருந்ததாகவும், தவறாக வெளியானவை நான்கு மட்டுமே என்றும் அந்த அலுவலகம் தெரிவித்தது. அவற்றுக்கு மேலும் இருப்பதைத் தாங்கள் கண்டதாக கூகுள் எழுதியது. விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் இந்தியச் சான்றிதழ் இடம்பெற்றிருந்ததனால், அந்தப் பட்டியலை நம்பிய உலாவிகள் ஏமாந்திருக்கக்கூடும். தனக்கெனத் தனிப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்பாக்ஸ் பாதிக்கப்படவில்லை.

இன்று நிலைமை மேம்பட்டிருக்கிறது. வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழும் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று 2018 ஏப்ரலுக்குப் பின் வழங்கப்பட்ட எல்லாச் சான்றிதழ்களுக்கும் குரோம் நிபந்தனை விதித்தது. இரகசியமாகப் போலி செய்வது அதனால் கடினமாகிவிட்டது. அதே சமயம், நம்பிக்கைப் பட்டியலில் புதிதாக ஒருவரைச் சேர்க்கும் மூலச் சான்றிதழை நீங்களே உங்கள் கருவியில் நிறுவிக்கொண்டால் இந்தக் காவல் எதுவும் உதவாது. கஜகஸ்தான் அரசு 2019-இல் தன் மக்களை அப்படித்தான் ஒரு தேசியச் சான்றிதழை நிறுவிக்கொள்ளச் சொன்னது; மொசில்லா, கூகுள், ஆப்பிள் மூன்றும் சேர்ந்து தங்கள் உலாவிகளில் அதைச் செல்லாததாக்கின. கல்லூரியோ அலுவலகமோ தங்கள் சான்றிதழை உங்கள் சொந்தக் கருவியில் நிறுவச் சொன்னால், அதன் பிறகு அந்த வலையமைப்பில் உங்கள் பூட்டுக்குள் இருப்பதை அவர்கள் படிக்க முடியும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கேள்வி: மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் பார்த்தால் யாருக்கும் தெரியாது அல்லவா?
– இல்லத்தரசி, நெய்வேலி

பதில்: அதே கணினியை அடுத்துப் பயன்படுத்துபவருக்குத் தெரியாது. அதற்காகத்தான் அந்த வசதி. சாளரத்தை மூடியதும் பார்த்த பக்கங்களின் வரலாறும் குக்கீகளும் அழிந்துவிடும். பிரவுசிங் சென்டரிலோ உறவினர் வீட்டுக் கணினியிலோ வங்கிக் கணக்கைப் பார்க்க நேர்ந்தால் அது மெய்யாகவே பயன்படும். ஆனால் நீங்கள் சென்ற தளத்துக்கும், உங்களுக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனத்துக்கும், அலுவலக வலையமைப்பை மேற்பார்வையிடுபவருக்கும் உங்கள் வருகை எப்போதும்போலத் தெரியும். மறைநிலையில் இருக்கும்போதே கூகுள் கணக்கில் உள்நுழைந்தால், அந்தக் கணக்கின் பெயரிலேயே பதிவாகும்.

இந்த வேறுபாடு சாதாரண மக்களுக்குப் புரியும்படி சொல்லப்படவில்லை என்று அமெரிக்காவில் 2020-இல் கூகுள் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. மறைநிலையில் உலவியவர்களைப் பற்றிச் சேர்ந்திருந்த நூறு கோடிக் கணக்கான பதிவுகளை அழிக்கவோ அடையாளம் நீக்கவோ 2024 ஏப்ரலில் அந்நிறுவனம் சமரசத்தில் ஒப்புக்கொண்டது. மறைநிலைச் சாளரத்தின் முகப்பு வாசகமும் மாற்றப்பட்டு, தளங்களும் கூகுள் உள்ளிட்ட சேவைகளும் தகவல் சேகரிப்பதை இது மாற்றாது என்று இப்போது வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த ஒரு வாக்கியம் தொடக்கத்திலேயே அங்கு இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: டேட்டா குறைவாகச் செலவாகும் என்று முன்பு எங்கள் ஊரில் எல்லோரும் யூசி பிரவுசர்தான் வைத்திருந்தோம். பிறகு அதை அரசு தடை செய்தது. அதில் உண்மையிலேயே ஆபத்து இருந்ததா?
– கைப்பேசிக் கடை உரிமையாளர், ராமநாதபுரம்

பதில்: இருந்தது, தடை வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அது ஆவணப்படுத்தப்பட்டிருந்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2015 மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கை, அந்த உலாவியின் ஆங்கிலப் பதிப்பில் பயனர் தேடிய சொற்கள் குறியாக்கம் இல்லாமலே சென்றன என்றும், சீனப் பதிப்பு கைப்பேசியின் அடையாள எண், சிம் கார்டின் அடையாள எண் ஆகியவற்றையும் அப்படியே அனுப்பியது என்றும் காட்டியது. சீனப் பதிப்பில் தற்காலிகச் சேமிப்பை அழித்த பிறகும், பயனர் சென்ற தளங்களின் பெயர்கள் கருவியிலேயே தங்கியிருந்தன. அமெரிக்க உளவு அமைப்புக்காகப் பணிபுரிந்த எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்திய ஆவணங்களின்படி, மேற்கத்திய உளவு அமைப்புகள் இந்தக் கசிவை ஏற்கெனவே கண்டுபிடித்துப் பயன்படுத்தி வந்தன. நிறுவனம் தன் கணக்குக்காகச் சேர்த்ததை, நிறுவனத்துக்குத் தொடர்பே இல்லாதவர்கள் வழியில் நின்று எடுத்துக்கொண்டார்கள். பாதுகாப்புக் குறைபாடு ஒன்று அந்தரங்கத்தை எப்படிக் கொண்டுபோகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இந்திய அரசு 2020 ஜூன் 29 அன்று தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. நாட்டின் பெயரைப் பார்த்து உலாவியை மதிப்பிட வேண்டாம் என்றே உங்கள் வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்வேன். டேட்டாவை மிச்சப்படுத்தும் உலாவி எந்த நாட்டினுடையதாக இருந்தாலும், பக்கங்களைத் தன் சர்வர் வழியாகச் சுருக்கி அனுப்புகிறதென்றால், நடுவில் இருக்கும் அந்தச் சர்வர் நீங்கள் பார்ப்பதைத் தானும் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கிறது. உங்கள் கடைக்கு வரும் பழைய கைப்பேசிகளில் உலாவி கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதையும் பார்த்துக் கொடுங்கள். 2023 செப்டம்பரில் வெப்பி என்ற பட வடிவத்தைக் காட்டும் நிரலில் ஒரு பிழை வெளிப்பட்டது. தீங்கான படம் ஒன்றைத் திறந்தாலே கருவி பிறர் வசமாகக்கூடிய நிலை அது. குரோமும் ஃபயர்பாக்ஸும் எட்ஜும் சில நாட்களுக்குள் திருத்தம் வெளியிட்டன. புதுப்பிக்காதவர்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேர்ந்திருக்காது.

கேள்வி: என் அலுவலகக் கணினியில் வைரஸ் தடுப்பு நிறுவனத்தின் உலாவி நீட்சி ஒன்றையும், வேறு சில இலவச நீட்சிகளையும் போட்டிருக்கிறேன். பாதுகாப்புக்குத்தானே, எத்தனை இருந்தால் என்ன?
– தணிக்கையாளர், மதுரை

பதில்: தங்கள் வாடிக்கையாளர்களின் வரிக் கணக்குகள் அந்த உலாவியில்தான் திறக்கப்படுகின்றன என்பதால், இதைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். நீட்சி என்பது உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல். எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி பெற்ற நீட்சி, பூட்டுக்கு உட்புறத்தில் அமர்ந்திருக்கிறது. குறியாக்கம் அவிழ்ந்து பக்கம் திரையில் தோன்றும்போது தாங்கள் காண்பதையெல்லாம் அதுவும் காணும்.

வைரஸ் தடுப்புக்குப் பெயர்பெற்ற அவாஸ்ட் நிறுவனம், இணையக் கண்காணிப்பிலிருந்து காப்பதாகச் சொல்லிக்கொண்டே, தன் நீட்சிகளும் மென்பொருளும் திரட்டிய உலாவல் தரவை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் மூலம் 2014 முதல் 2020 வரை நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்றுவந்தது. செய்தி வெளியானதும் 2020 ஜனவரியில் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. அமெரிக்க வணிக ஆணையம் 2024-இல் ஒரு கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த உத்தரவிட்டு, விளம்பரத்துக்காக உலாவல் தரவை விற்பதற்கும் தடை விதித்தது. அந்த மென்பொருள் வைரஸைத் தடுத்துக்கொண்டுதான் இருந்தது. தன் பணியைச் செய்துகொண்டே வீட்டு விவரத்தை விற்ற காவலாளியின் கதை இது.

நல்ல நீட்சியும் கைமாறினால் கெட்டுப்போகலாம். பயன்படுத்தாத தாவல்களை உறங்க வைத்து நினைவகத்தை மிச்சப்படுத்திய 'தி கிரேட் சஸ்பெண்டர்' நீட்சியை இருபது லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். அதை எழுதியவர் 2020-இல் வேறொருவருக்கு விற்றார். 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி குரோம் அதை நீக்கியது. பயனர்கள் புதிதாக எதையும் நிறுவவில்லை. உரிமையாளர் மாறியதையும் அவர்கள் அறியவில்லை.

ஆபத்தான தளங்களிலிருந்து காக்கும் பணியை அந்தரங்கத்துக்குக் குறைந்த சேதத்தோடு செய்ய முடியும் என்பதை உலாவிகளில் உள்ள 'சேஃப் பிரவுசிங்' வசதி காட்டுகிறது. ஆபத்தான தளங்களின் முகவரிகளைச் சுருக்கக் குறியீடுகளாக மாற்றி, ஒவ்வொரு குறியீட்டின் முதற்பகுதியை மட்டும் தங்கள் கணினியிலேயே அது வைத்துக்கொள்கிறது. தாங்கள் போகும் முகவரியின் குறியீட்டுத் தொடக்கம் அந்தப் பட்டியலோடு பொருந்தினால் மட்டுமே கூகுளிடம் கேட்கிறது. அப்போதும் முழு முகவரியைச் சொல்வதில்லை. 2024 முதல் குரோமின் இயல்பான நிலையில் உடனுக்குடன் சரிபார்ப்பு நடக்கிறது. அதில் கேள்வி வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போவதால், கேட்டவரின் ஐபி முகவரி கூகுளுக்கும், கேட்கப்பட்டது என்ன என்பது இடையில் உள்ளவருக்கும் தெரியாது. 'மேம்பட்ட பாதுகாப்பு' என்ற நிலையைத் தேர்ந்தெடுத்தால் தாங்கள் செல்லும் முகவரிகள் கூகுளுக்கே அனுப்பப்படும். அது கூடுதலாகக் காக்கும் என்பதும் உண்மை, கூடுதலாகப் பார்க்கும் என்பதும் உண்மை. வாடிக்கையாளர் விவரங்களைக் கையாளும் கணினியில், இயல்பான நிலையையும் இன்றியமையாத ஓரிரு நீட்சிகளையும் மட்டும் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

கேள்வி: குக்கீகளை அன்றாடம் அழிக்கிறேன், ஐபி முகவரியை மறைக்கும் விபிஎன் பயன்படுத்துகிறேன். இன்னமும் என்னை அடையாளம் காண முடியும் என்கிறார் நண்பர். எப்படி?
– பத்திரிகைப் பக்க வடிவமைப்பாளர், யாழ்ப்பாணம்

பதில்: நண்பர் சொல்வது சரி, தங்கள் தொழிலைப் பார்த்தால் தங்களுக்கு அது மேலும் பொருந்தும். திரையின் அளவு, நேர வலயம், உலாவியின் பதிப்பு, கணினியில் நிறுவப்பட்டுள்ள எழுத்துருக்கள், வரைகலைச் சில்லு ஒரு படத்தை வரையும் நுணுக்கம் முதலியவற்றை ஒரு தளம் சத்தமின்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். தனித்தனியாக எதுவும் இரகசியமன்று. ஆனால் எல்லாம் சேர்ந்த சேர்க்கை கைரேகைபோல் ஆகிவிடுகிறது. இணைய உரிமைகளுக்காக இயங்கும் எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த பீட்டர் எக்கர்ஸ்லி 2010-இல் 'பனாப்டிகிளிக்' என்ற சோதனையின் முடிவுகளை வெளியிட்டார். சோதனைக்கு உட்பட்ட 4,70,161 உலாவிகளில் 83.6 சதவீதம் வேறெதனோடும் ஒத்துப்போகாத தனித்தன்மை கொண்டிருந்தன. சீட்டை அழித்துவிடலாம், முகத்தை அழிக்க முடியாது.

தங்கள் கணினியில் பாமினி எழுத்துருவும் பழைய அச்சக எழுத்துருக்கள் பலவும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். தாங்கள் தமிழைத் தங்கள் உலாவியின் முதல் மொழியாகவும் அமைத்திருந்தால், 'தமிழ், இலங்கை' என்ற குறிப்பு ஒவ்வொரு தளத்துக்கும் செல்கிறது. உலகளவில் அந்தச் சேர்க்கை மிகச் சிலரிடமே இருக்கும். பெரிய மொழிகளில் உலவுபவர் கூட்டத்தில் மறைந்துவிடுகிறார். சிறிய எண்ணிக்கையில் இருப்பவர், தன் மொழியைத் தேர்ந்தெடுத்த காரணத்தாலேயே கூட்டத்திலிருந்து தனித்துத் தெரிகிறார். இது என்னை உண்மையிலேயே வருத்தும் விஷயம். தமிழ் இடைமுகத்தைக் கைவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு மாறாக, உலாவிதான் தன் வாயை அடக்க வேண்டும். சஃபாரி 2018 முதல் கணினியோடு வந்த எழுத்துருக்களை மட்டுமே தளங்களுக்குக் காட்டுகிறது. அடையாளத்தை மறைத்து உலவ உதவும் டார் உலாவி தன் பயனர்கள் எல்லோரையும் ஒரே மாதிரி தோன்றச் செய்ய முயல்கிறது. பக்க வடிவமைப்புக்கு ஓர் உலாவி, மற்றத் தேடல்களுக்கு வேறோர் உலாவி என்று பிரித்துக்கொள்வதும் ஓரளவு உதவும்.

பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடே அடையாளக் குறியாக மாறிய கதையும் இதில் உண்டு. 'இனி என்னிடம் குறியாக்கத்தோடு மட்டுமே வா' என்று ஒரு தளம் உலாவியிடம் சொல்லிவைக்கும் வசதி 2012-இல் தரநிலையாக்கப்பட்டது. வழியில் பூட்டைக் கழற்றும் தாக்குதலைத் தடுக்கும் அருமையான ஏற்பாடு அது. உலாவி அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்கிறது அல்லவா? பல துணை முகவரிகளில் சிலவற்றுக்கு மட்டும் அப்படிச் சொல்லிவைத்து, எவற்றுக்கு உலாவி குறியாக்கத்தோடு வருகிறது என்று பின்னர் பார்த்தால், அந்த ஆம்–இல்லை வரிசையே ஓர் அடையாள எண் ஆகிவிடுகிறது. குக்கீயை அழித்தவரையும் இப்படிப் பின்தொடர முடிந்தது. சஃபாரியை உருவாக்கும் குழு 2018-இல் இந்தத் தவறான பயன்பாட்டை எதிர்த்துத் திருத்தம் செய்தது. உலாவி எதை நினைவில் வைத்தாலும் அதைக் கண்காணிப்புக்குத் திருப்ப முயல்பவர் இருப்பார் என்பதால், இந்த வேலை ஒருமுறை செய்து முடித்துவிடக்கூடியதன்று.

கேள்வி: வங்கியின் உண்மையான தளம் எது, போலி எது என்று பூட்டை வைத்துச் சொல்ல முடியாதென்றால், வேறு எதை வைத்துச் சொல்வது?
– அஞ்சலக ஊழியர், சேலம்

பதில்: முகவரியை வைத்து. இந்திய வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தனி இணைய முடிவொட்டு ஒன்றை 2025-இல் ஏற்படுத்தி, அந்த ஆண்டு அக்டோபர் 31-க்குள் மாறிவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. அதன்படி வங்கியின் முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும். வங்கிகளைத் தவிர வேறு எவருக்கும் அந்த முடிவொட்டு கொடுக்கப்படுவதில்லை. குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல், முகவரியை நீங்களே தட்டச்சு செய்து ஒருமுறை சேமித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணை மட்டும் நம்பாதீர்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியைச் ரஷ்ய மொழி எழுதப்படும் சிரிலிக் எழுத்துகளைக் கொண்டே அச்சு அசலாக எழுதிக் காட்ட முடியும் என்று 2017-இல் ஓர் ஆய்வாளர் நிரூபித்தார். தமிழில்கூட 'க' என்ற எழுத்தும் ஒன்று என்ற பழைய இலக்கமும் பார்வைக்கு ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு. உலாவியின் கடவுச்சொல் காப்பகம் இந்தத் தோற்றத்துக்கு ஏமாறாது. கடவுச்சொல்லைச் சேமித்த முகவரியிலிருந்து ஓர் எழுத்து மாறினாலும் அது தானாக நிரப்ப மறுத்துவிடும். வழக்கமாக நிரப்புகிற இடத்தில் அது நிரப்பவில்லையென்றால், கையால் தட்டச்சு செய்யத் தொடங்காமல் அங்கேயே நின்று முகவரியைப் படித்துப் பாருங்கள். அதையும் மீறிப் பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படுவதற்கு முன்பே முடக்க வேண்டியிருப்பதால், வங்கி திறக்கட்டும் என்று காலை வரை காத்திருக்க வேண்டாம்.